செப்டம்பர் 30க்குள் தலைகளை எண்ணுங்கள்

தாராவியில் முனிசிபல் ஸ்கூல் பெற்றோர் கூட்டத்துக்குப் போனவர்களுக்குத் தெரியும், பேச்சு எங்கே தொடங்கினாலும் கழிப்பறையில் வந்து நிற்கும். அப்புறம் தண்ணீர். அப்புறம் "டீச்சர் பத்தலை". எல்லாரும் சொல்வார்கள், எச்.எம். தலையாட்டுவார், தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து வாங்குவார்கள், டீயோடு முடியும். அடுத்த கூட்டத்திலும் இதே மூன்றுதான். நான் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவியாக இருந்த காலத்தில் எங்கள் பள்ளியில் இது கொஞ்சம் மாறியது. சட்டம் கேட்கும் பள்ளி வளர்ச்சித் திட்டத்தை ஒப்புக்கு நிரப்பாமல் உண்மையாகவே எழுதினோம். மாநகராட்சி தன் பட்ஜெட்டுக்குக் கணக்குப் போடும் மாதங்களில் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவ்வளவுதான் வித்தியாசம். எப்படிச் செய்தோம் என்று வேறு பகுதிப் பெற்றோர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதி வைக்கிறேன்.

என்னைப் பற்றி ஒரு வரி. தோல் பை தைக்கும் பட்டறை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். வரவும் செலவும் இருப்பும் பொருந்தவில்லை என்றால் ராத்திரி தூக்கம் வராத ரகம். மகள் தமிழ் மீடியத்தில் படித்ததால் குழுவுக்கு வந்தேன். குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்வதால் என்னைப் பிடித்து உட்காரவைத்தார்கள் என்றும் சொல்லலாம்.

சட்டத்தில் உள்ளதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் குழுவில் இருப்பவர்களிலேயே பலருக்கு இது தெரியாது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 21ஆவது பிரிவு மேலாண்மைக் குழுவைப் பற்றியது: முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். 22ஆவது பிரிவு, குழு ஒரு வளர்ச்சித் திட்டம் தயாரிக்க வேண்டும் என்கிறது. அதோடு நிற்கவில்லை. அரசோ உள்ளாட்சியோ போடும் திட்டங்களுக்கும் தரும் மானியங்களுக்கும் அந்தத் திட்டமே அடிப்படை என்றும் சொல்கிறது. இந்த ஒரு வாக்கியத்தைத்தான் நான் அலுவலகங்களில் அதிகமாகப் பயன்படுத்தினேன். மத்திய அரசின் 2010 மாதிரி விதிகளின்படி இது 3 ஆண்டுத் திட்டம், உள்ளே வருடத்துக்கு ஒரு துணைத் திட்டம். வகுப்புவாரியாக எத்தனை பிள்ளைகள் வருவார்கள் என்ற மதிப்பீடு, கூடுதலாக வேண்டிய ஆசிரியர், கூடுதலாக வேண்டிய கட்டட வசதியும் சாமான்களும், அதற்கான பணம், இந்த நான்கும் அதில் இருந்தாக வேண்டும். நிதியாண்டு முடிவதற்கு 3 மாதம் முன்பே, அதாவது டிசம்பர் கடைசிக்குள், தயாராக இருக்க வேண்டும்.

அந்த டிசம்பரை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மும்பை மாநகராட்சி கல்விக்குத் தனி பட்ஜெட் போடுகிறது, அது பெரும்பாலும் பிப்ரவரியில் வரும். பிப்ரவரியில் வருகிற புத்தகத்தில் நம் பள்ளிக் கட்டடத்தின் பெயர் இருக்க வேண்டும் என்றால், மார்ச்சில் எழுதி என்ன பயன்?

எங்கள் கட்டடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு அது ஒரு பள்ளி. உள்ளே போனால் தமிழ், இந்தி, உருது, மராத்தி என்று மாடிக்கு மாடி தனித்தனிப் பள்ளி. ஒவ்வொன்றுக்கும் தனி எச்.எம்., தனிப் பதிவு எண், தனி மேலாண்மைக் குழு. காலை ஷிப்ட், மதிய ஷிப்ட் வேறு. மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துவதால் மும்பையில் இது சாதாரணம். ஆனால் திட்டம் எழுதும்போது இதுதான் முதல் தலைவலி, அதற்குப் பின்னால் வருகிறேன்.

முதலில் ஆசிரியர் விஷயம். எங்கள் பள்ளியில் ஒன்று முதல் ஐந்து வரையில் ஓர் ஆசிரியர் இடம் போய்விட்டது. பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள் என்று காரணம் சொல்லப்பட்டது. பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களை எண்ணினால் அப்படிக் குறையவில்லை.

சட்டத்தின் அட்டவணையைப் பார்த்தால் இது எப்படி நடந்தது என்று புரியும். ஒன்று முதல் ஐந்து வரை மொத்தம் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர். 61 முதல் 90 வரை 3 பேர். 91 முதல் 120 வரை 4 பேர். 121 முதல் 200 வரை 5 பேர். 150ஐத் தாண்டினால் தலைமை ஆசிரியர் தனியாக உண்டு. ஆக 60க்கும் 61க்கும் நடுவில் ஒரு பிள்ளை, ஆனால் ஓர் ஆசிரியர். எங்கள் எண்ணிக்கை சரியாக அந்த வரம்பில்தான் நின்றது. பெஞ்சில் 60க்கு மேல், பிள்ளைகளைப் பதியும் அரசு இணையதளமான போர்ட்டலில் 60க்குக் கீழே.

மகாராஷ்டிராவில் ஒவ்வொரு வருடமும் ஆசிரியர் பணியிடங்களை முடிவு செய்யும் நடைமுறைக்கு சஞ்ச் மான்யதா என்று பெயர். செப்டம்பர் 30 அன்று பதிவில் இருக்கும் எண்ணிக்கைதான் அதற்கு அடிப்படை. சமீப ஆண்டுகளில் ஆதார் சரிபார்க்கப்பட்ட பிள்ளைகளைத்தான் கணக்கில் எடுக்கிறார்கள். பிள்ளை தினமும் வரலாம், கிச்சடி சாப்பிடலாம், பரீட்சை எழுதலாம். பெயர் பொருந்தவில்லை என்றால் அந்தக் கணக்கில் அவன் இல்லை.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது ஏன் அதிகமாக நடக்கிறது என்று ஒவ்வொரு பெயராகப் பார்த்தபோதுதான் விளங்கியது. இங்கே படிவத்தில் பெயர், அப்பா பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று கட்டங்கள். நமக்கு ஏது குடும்பப் பெயர்? ஆதாரில் முன்னால் ஒரே ஓர் எழுத்தும் பெயரும் இருக்கும். பள்ளிப் பதிவேட்டில் மூன்றாவது கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்று யாரோ அப்பா பெயரையே இரண்டு தடவை எழுதியிருப்பார்கள். சில பிள்ளைகளுக்குச் சாதிப் பெயர், சிலருக்குத் தாத்தா பெயர். ஒரே வீட்டு அண்ணன் தம்பிக்கு வேறு வேறு. இதோடு சின்ன வயதில் எடுத்த ஆதாரில் 5 வயதுக்குப் பிறகு கைரேகை பதிந்து புதுப்பிக்க வேண்டும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் பலர் அதைச் செய்திருக்கவே இல்லை.

நாங்கள் செய்தது பெரிய வேலை ஒன்றும் இல்லை. ஜூலையிலேயே எச்.எம். லாகினில் பொருந்தாத பெயர்களின் பட்டியலை எடுக்கச் சொன்னோம். போர்ட்டலில் எழுத்துப் பிழை மட்டும் இருந்தால் அதைப் பள்ளியிலேயே திருத்தலாம். பழைய பொதுப் பதிவேட்டிலேயே தவறு இருந்தால் வார்டு கல்வி அலுவலகத்தின் அனுமதி வேண்டும். ஆதாரிலேயே தவறு என்றால் பெற்றோர் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஆதார் மையத்துக்குப் போயாக வேண்டும். மூன்றாவது ரகம்தான் நேரம் தின்னும். அம்மா வீட்டு வேலைக்குப் போகிறவர், அப்பா கூலிக்குப் போகிறவர் என்றால் ஒரு நாள் சம்பளம் போகிறது. அதனால் குழுவில் இருந்த அம்மாக்களே நாலைந்து வீட்டுப் பிள்ளைகளைச் சேர்த்துக் கூட்டிப்போனார்கள். பிறப்புச் சான்றிதழ் ஊரில் இருக்கிறது, பாட்டி வீட்டுப் பெட்டியில் இருக்கிறது, எலி கடித்துவிட்டது, எல்லாம் கேட்டாயிற்று. செப்டம்பரில் தொடங்கியிருந்தால் பாதிகூட முடிந்திருக்காது.

ஊரில் இருந்து நடுவில் வருகிற பிள்ளைகள் இன்னொரு கதை. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பங்கள் வேலைக்காக இங்கே வருவதும், கொஞ்ச நாள் ஊருக்குத் திரும்புவதும், மறுபடி வருவதும் வழக்கம். மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதம் என்பதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது என்று சட்டத்தின் 5ஆவது பிரிவு சொல்கிறது. வயதுச் சான்று இல்லை என்று மறுக்கக் கூடாது என்று 14ஆவது பிரிவு. எங்கள் எச்.எம். இதில் நல்லவர், பிள்ளையை உட்காரவைத்துவிடுவார். ஆனால் நாடு முழுக்கப் பள்ளிப் பிள்ளைகளின் பதிவு இருக்கும் யூடைஸ் போர்ட்டலில் பழைய பள்ளி அந்தப் பிள்ளையை விடுவித்து, ட்ராப் பாக்ஸ் என்ற பொதுப் பட்டியலில் போட்டால்தான் புதுப் பள்ளி இழுத்துக்கொள்ள முடியும். அதுவரை பிள்ளை இங்கே, கணக்கு அங்கே. தமிழ்நாட்டுப் பள்ளிக்கு இங்கிருந்து கடிதம் போட்டுக் காத்திருப்பதைவிட, ஊரில் இருக்கும் சித்தப்பாவையோ மாமாவையோ நேரில் போய் அந்தப் பள்ளி எச்.எம்.மைப் பார்க்கச் சொல்வது வேகமாக வேலை செய்தது. பதிவு எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாட்ஸாப்பில் அனுப்பிவிட்டால் போதும், பெரும்பாலான ஆசிரியர்கள் உடனே செய்துவிடுகிறார்கள்.

பழைய ஆசிரியர்கள் ஒரு விஷயம் சொல்வார்கள். போலிப் பெயர்களைப் போட்டு எண்ணிக்கையைக் கூட்டுகிறார்கள் என்று புகார் வந்து, 2011 அக்டோபர் 3 முதல் 5 வரை மகாராஷ்டிரா முழுக்க ஒரே நேரத்தில் பள்ளிகளில் தலை எண்ணினார்கள். அந்த வருடம் விஜயதசமி அக்டோபர் 6. நம் சனங்கள் அந்த நாட்களில் எங்கே இருப்பார்கள்? குலசை முத்தாரம்மன் கோவிலில், மாலை போட்டு வேஷம் கட்டி. இதை இப்போது சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். ஆனாலும் செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதலில் ஊருக்குப் போகிற குடும்பங்களிடம் விடுப்புக் கடிதம் வாங்கிக் கோப்பில் வைப்பது நல்லது. யாராவது எண்ண வந்தால் காட்டலாம்.

அடுத்த வருட சஞ்ச் மான்யதாவில் எண்ணிக்கை வரம்பைத் தாண்டியது. மூன்றாவது ஆசிரியர் வந்தார். வேறு பகுதியில் உபரி என்று கணக்கிடப்பட்ட தமிழ் ஆசிரியர் ஒருவரை இங்கே மாற்றினார்கள். யாரும் ஊர்வலம் போகவில்லை.

இனி வருங்காலக் கணக்கு. இதில்தான் குழுவுக்குள் சண்டை வந்தது. மூன்று வருடத்துக்கு வகுப்புவாரியாக எத்தனை பேர் வருவார்கள் என்று எழுத வேண்டும். வழக்கமாக என்ன செய்வார்கள் என்றால், இந்த வருட எண்ணிக்கையோடு கொஞ்சம் கூட்டி எழுதிவிடுவார்கள். நான் சுற்றியுள்ள பால்வாடிகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் போய், அடுத்து ஒன்றாம் வகுப்புக்கு வர வேண்டிய தமிழ்ப் பிள்ளைகளின் பட்டியலைக் கேட்டேன். டீச்சர்கள் மனதாரக் கொடுத்தார்கள். பட்டியலில் இருந்த வீடுகளில் கேட்டால் பாதிக்கு மேல் இங்கிலிஷ் மீடியம் என்றார்கள். மாநகராட்சியே சில வருடங்களுக்கு முன் சி.பி.எஸ்.இ. பள்ளிகளைத் தொடங்கியது, குலுக்கலில் இடம் கிடைக்க மனு குவிந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளை புது யூனிபார்மில் மும்பை பப்ளிக் ஸ்கூல் என்ற பெயரோடு போகும்போது, தமிழ் மீடியத்தில் சேர்க்க எந்தத் தாய்க்கு மனசு வரும்? அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஒரே மாநகராட்சியின் ஒரு கை திறக்கும் பள்ளி, இன்னொரு கை நடத்தும் பள்ளியின் பிள்ளைகளை இழுக்கிறது, இரண்டு கைகளும் ஒரே தாளில் கணக்குப் போடுவதில்லை. என் குறை அதுதான்.

இதோடு தாராவி மறுசீரமைப்பு. 2024இல் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. எந்தச் சந்து எப்போது காலியாகும், யாருக்கு இங்கேயே வீடு, யாருக்கு வெளியே என்று எங்கள் தெருவில் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள். மூன்று வருடம் கழித்து மூன்றாம் வகுப்பில் எத்தனை பேர் என்று எப்படி எழுதுவது?

"எண்ணிக்கை குறையும்னு நாமளே எழுதிக் குடுத்தா, மூடிடுவாங்க மேடம்" என்றார் ஓர் ஆசிரியர். அவர் பயம் நியாயமானது. ஆனால் போர்ட்டல் எண்ணிக்கை அவர்கள் கையில் இருக்கிறது, வருடா வருடம் அது இறங்குவதும் தெரிகிறது. நாம் மட்டும் ஏறும் என்று எழுதினால், அந்தத் தாளில் மீதி இருக்கும் எதையும் நம்ப மாட்டார்கள். கடைசியில் இரண்டு கணக்கு எழுதினோம். இப்போது போகிற போக்கில் போனால் இவ்வளவு. பால்வாடியில் இருந்து ஒன்றாம் வகுப்புக்கு நேராகக் கூட்டிவந்து, கணக்கையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் நடத்தும் செமி இங்கிலிஷ் வசதி தந்தால் இவ்வளவு. மராத்திப் பள்ளிகளில் செமி இங்கிலிஷ் இருப்பது எல்லாருக்கும் தெரியும் என்பதால் அது புதுக் கோரிக்கையாகத் தெரியவில்லை. எந்தெந்தச் சந்துகளில் இருந்து எத்தனை பிள்ளைகள் வருகிறார்கள் என்று ஒரு கைவரைபடமும் சேர்த்தோம். வீடுகள் காலியானால் எந்த வகுப்பு எவ்வளவு குறையும் என்று அதைப் பார்த்தாலே சொல்லலாம். உண்மையில் இந்த வேலை உள்ளாட்சியுடையது. தன் எல்லைக்குள் இருக்கும் 14 வயது வரையிலான பிள்ளைகளின் பதிவை வைத்திருக்க வேண்டும், இடம்பெயரும் குடும்பத்துப் பிள்ளைகளின் சேர்க்கையை உறுதி செய்ய வேண்டும் என்று 9ஆவது பிரிவு அதன் கடமைகளைச் சொல்கிறது. நாங்கள் வரைந்து கொடுத்ததால் அந்தக் கடமை தீர்ந்துவிடாது. ஆனாலும் காலித் தாளோடு போவதைவிட இது மேல்.

சரி, கழிப்பறைக்கு வருவோம். நான்கு மீடியமும் தனித்தனியாகத் திட்டம் எழுதினால் என்ன ஆகும்? நான்கும் ஒரே கழிப்பறையைக் கேட்கும். அல்லது நான்கும் "மத்தவங்க கேட்டிருப்பாங்க" என்று விட்டுவிடும். எங்கள் பழைய கோப்புகளில் இரண்டும் இருந்தது. தண்ணீர்த் தொட்டி, மாடிப்படிக் கைப்பிடி, காம்பவுண்ட் சுவர் எல்லாவற்றுக்கும் இதே கதி. சட்டத்தின் அட்டவணை ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனிக் கழிப்பறை, போதுமான குடிநீர், தடையில்லாத நுழைவழி என்று பள்ளிக் கட்டடத்துக்குச் சொல்கிறது. ஆனால் எங்கள் கட்டடத்துக்கு நான்கு பள்ளி. அதனால் மற்ற மூன்று குழுக்களின் தலைவர்களையும் ஒரு சனிக்கிழமை உட்காரவைத்தோம். உருதுப் பள்ளிக் குழுத் தலைவர் ஒரு பாய், பிளம்பிங் காண்ட்ராக்டில் வேலை பார்த்தவர். அவர் மாடி மாடியாக ஏறி எந்தக் குழாய் எங்கே ஒழுகுகிறது, எது தொட்டியில் தண்ணீர் ஏறாததால் வறண்டது, எது வால்வு கெட்டது என்று பிரித்துச் சொல்லிவிட்டார். மொத்தக் கட்டடத்துக்கு ஒரே தாள், நான்கு கையெழுத்து. அதையே நான்கு பள்ளித் திட்டங்களிலும் ஒரே எண் போட்டு இணைத்தோம். ஒரே வேலையை நாலு பேர் நாலு விதமாகக் கேட்கும் குழப்பம் போனது.

எந்த வேலைக்கு எந்தக் கதவைத் தட்டுவது என்பதும் முக்கியம். பல்பு, பூட்டு, வெள்ளைப் பலகை, சின்ன ரிப்பேர் எல்லாவற்றுக்கும் பள்ளிக்கென்று ஒருங்கிணைந்த மானியம் உண்டு. மத்திய அரசின் சமக்ர சிக்ஷா திட்டத்தில் 30 பிள்ளைகள் வரை 10,000 ரூபாய், 100 வரை 25,000, 250 வரை 50,000, 1000 வரை 75,000, அதற்கு மேல் 1 லட்சம். அதில் குறைந்தது 10 சதவீதம் தூய்மைக்கு. இதில் முடிகிற வேலையைப் பெரிய திட்டத்தில் எழுதி, பெரிய வேலைகளின் மரியாதையைக் கெடுக்க வேண்டாம். கட்டட ரிப்பேருக்கு மாநகராட்சியில் பள்ளி உள்கட்டமைப்புப் பிரிவு இருக்கிறது, எஸ்.ஐ.சி. என்பார்கள். 30 வருடத்துக்கு மேற்பட்ட கட்டடம் என்றால் உறுதித் தன்மை ஆய்வு நடந்ததா, அறிக்கை எங்கே என்று முதலில் கேளுங்கள். இடிக்க வேண்டிய வகை என்று அந்த அறிக்கை சொல்லியிருந்தால், நீங்கள் டைல்ஸ் கேட்டுக் கடிதம் எழுதி என்ன செய்யப்போகிறீர்கள்? பிள்ளைகளை எந்தக் கட்டடத்துக்கு, எவ்வளவு தூரத்துக்கு மாற்றப்போகிறார்கள் என்பதுதான் அப்போது கேள்வி. ஒன்று முதல் ஐந்து வரைக்கு 1 கிலோமீட்டர், ஆறு முதல் எட்டு வரைக்கு 3 கிலோமீட்டர் என்ற தூரத்தை அப்போது நினைவுபடுத்துங்கள்.

எதுவுமே செலவில்லாமல் நடந்ததும் உண்டு. நான்காம் வகுப்பில் கால் ஊனமான ஒரு பையன். வகுப்பு இரண்டாவது மாடியில். அவன் அம்மா தினமும் தூக்கிக்கொண்டு ஏறுவார், மதியம் வந்து தூக்கிக்கொண்டு இறங்குவார். நடுவில் அவன் கழிப்பறைக்கே போவதில்லை, தண்ணீரும் குடிப்பதில்லை. சாய்தளம் வேண்டும் என்று திட்டத்தில் எழுதினோம், அது வரும்போது வரட்டும். அதற்குள் தரைத்தளத்தில் இருந்த இந்தி மீடிய வகுப்பறையை மாற்றிக்கொள்ள முடியுமா என்று அந்த எச்.எம்.மைக் கேட்டோம். அந்த வாரமே மாற்றிவிட்டார்கள். இத்தனை வருடமாக யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். திட்டம் என்றால் பணம் கேட்கும் தாள் என்று நினைத்துவிடுவதால் இந்த மாதிரி விஷயங்கள் கண்ணில் படுவதே இல்லை.

மொழியைப் பற்றி. மாநகராட்சி அலுவலகம் மராத்தியில் நடக்கிறது. தமிழில் நன்றாக எழுதிய தீர்மானம் அங்கே யாராலும் படிக்கப்படாது. எங்கள் சாலில், அதாவது வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்து கல்லூரிக்குப் போகிற பெண்பிள்ளைகள் மராத்தி சரளமாக எழுதுவார்கள், அவர்களைப் பிடித்தோம். கூட்டத்தில் தமிழில் பேசி, அங்கேயே மராத்தியில் எழுதி, கையெழுத்துக்கு முன் மறுபடி தமிழில் வாசித்துக் காட்டுவோம். கடிதத்தைக் கொடுத்ததும் ஆவக் நம்பர், அதாவது கடிதம் வந்ததற்கான பதிவு எண், போட்ட நகலை வாங்காமல் நகராதீர்கள். அடுத்த தடவை போகும்போது பிரச்சினையைச் சொல்லத் தொடங்காமல் அந்த நம்பரைச் சொல்லுங்கள். பள்ளிகளை மேற்பார்க்கும் பீட் ஆபீசர் ஒருவர், "தாயி, நீங்க வந்தா நான் முதல்ல கோப்பைத்தான் தேடுவேன்" என்று மராத்தியில் சொல்லிச் சிரித்தார். அவரும் ஒரே நேரத்தில் பல பள்ளிகளைப் பார்க்கிறவர். நாம் கொடுக்கும் தாள் அப்படியே மேலே அனுப்பத் தகுந்ததாக இருந்தால் அவருக்கும் வேலை மிச்சம்.

கவுன்சிலர் வழியாகப் போவதுதான் மும்பையில் பழைய பழக்கம். 2022 மார்ச்சில் மாமன்றத்தின் காலம் முடிந்ததும் தேர்தல் நடக்காமல் நிர்வாகியின் கையிலேயே மாநகராட்சி பல வருடம் இருந்தது. அந்தக் காலத்தில் எங்களுக்குக் கோப்பைத் தவிர வேறு வழி இல்லை. ஒரு வகையில் அதுவே எங்களுக்குப் பயிற்சி ஆனது.

படிப்பைப் பற்றி எழுதவேண்டிய பகுதியில் குழுக்கள் பொதுவாக "தரம் உயர வேண்டும்" என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடும். நாங்கள் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைத் தமிழில் ஒரு பத்தி வாசிக்கச் சொன்னோம். 2021இல் மத்திய அரசு தொடங்கிய நிபுண் பாரத் திட்டத்தின் இலக்கே மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் புரிந்து படிப்பதும் அடிப்படைக் கணக்கும்தான். ஆசிரியர்களுக்கு முதலில் பிடிக்கவில்லை, பெற்றோர்கள் தங்களைச் சோதிக்கிறார்கள் என்று நினைத்தார்கள். வாசிக்காத பிள்ளைகளின் பெயரை எங்கும் எழுத மாட்டோம், எண்ணிக்கையை மட்டும் எழுதுவோம் என்று சொன்ன பிறகு அவர்களே உட்கார்ந்தார்கள். நடுவில் வந்து சேர்ந்தவர்களும், நீண்ட நாள் ஊரில் இருந்துவிட்டு வந்தவர்களும்தான் பெரும்பாலும் தடுமாறினார்கள். வயதுக்கேற்ற வகுப்பில் சேரும் பிள்ளைக்குச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்று சட்டத்தின் 4ஆவது பிரிவில் இருக்கிறது. பொதுவாகத் தரம் என்று கேட்காமல், இத்தனை பிள்ளைகளுக்கு இந்தப் பயிற்சி என்று கேட்டோம். ஆள் கிடைக்கவில்லை. மதிய ஷிப்ட் தொடங்கும் முன் ஒரு மணி நேரம் ஆசிரியர்களே முறை வைத்து எடுக்கிறார்கள். போதுமா என்றால் போதாது.

பட்ஜெட்டில் பெயர் வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். மே விடுமுறையில் நடக்கவேண்டிய கட்டட வேலைக்கு ஏப்ரலுக்குள் வொர்க் ஆர்டர் வந்திருக்க வேண்டும். இல்லை என்றால் ஜூன் நடுவில் பள்ளி திறக்கும், கூடவே மழையும் திறக்கும், சிமெண்ட் மூட்டைக்கு நடுவே பிள்ளைகள் நடப்பார்கள். எங்கள் கழிப்பறை வேலை அப்படித்தான் ஒரு மழைக்காலம் முழுக்க இழுத்தது. குழுவில் ஒருவரையாவது மே மாதம் ஊருக்குப் போகாமல் இருக்கச் சொல்லுங்கள். நெல்லைக்காரர்களிடம் இதைக் கேட்பது கஷ்டம்தான், ஊரில் கோவில் கொடை இருக்கும். எங்களுக்கு அந்தப் பாய் இருந்தார், தினமும் பைப் அளவைப் பார்த்துவிட்டு எனக்கு ஊருக்குப் படம் அனுப்புவார்.

கடைசியாக ஒன்று. குழுவின் காலம் இரண்டு வருடம், திட்டம் மூன்று வருடம். புதுக் குழு வரும்போது பழைய கோப்பு பீரோவுக்குள் போய்விடும், எச்.எம். மாற்றலாகிப் போனால் சாவியே கிடைக்காது. அதனால் நான் இறங்கும் முன் எல்லா ஆவக் நகல்களையும், பொருந்தாத பெயர்ப் பட்டியலையும், கைவரைபடத்தையும் மூன்று செட் எடுத்தோம். ஒன்று பள்ளியில், ஒன்று புதுத் தலைவியிடம், ஒன்று மராத்தி எழுதித் தந்த பெண்ணின் வீட்டில். செமி இங்கிலிஷ் கோரிக்கை இன்னும் பதில் வராமல் இருக்கிறது. சாய்தளம் வேலைப் பட்டியலில் ஏறியிருக்கிறது, வொர்க் ஆர்டர் வரவில்லை. புதுத் தலைவி பால்வாடிப் பட்டியலை இந்த வருடம் தானே போய் வாங்கி வந்துவிட்டார், பெயர் சரிபார்க்கும் வேலையும் ஜூலையில் தொடங்கிவிட்டது.